வேர்களின் உறவு: இயற்கணிதத்தில் மூலக்கோவைகளைச் சுருக்குதல்

எண்களைக் கூட்டவும் பெருக்கவும் அஞ்சாத மாணவர் பலர், எண்ணின் தலைமீது மூலக்குறி ஏறியவுடன் தயங்கி நின்றுவிடுகின்றனர். √72 என்பதை 6√2 என்று எழுதுக என்கிறது பாடநூல். 72 என்னும் ஓரெண்ணைக் காட்டிலும் 6, 2 என்னும் ஈரெண்கள் எவ்வகையில் எளியவை என்னும் ஐயம் மாணவர் உள்ளத்தில் எழுகின்றது. ஐயம் தீராதபோது விதியை மனப்பாடம் செய்கின்றனர். மனப்பாடம் செய்த விதி தேர்வுக் கூடத்தில் மறந்துபோகின்றது. அதனினும் தீங்காக, பொருந்தாத இடத்தில் நினைவுக்கு வருகின்றது. 1/√2 எனச் சரியாகவே விடை கண்ட மாணவி, நூலின் இறுதியில் √2/2 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தன் விடையை அடித்துவிடுகிறாள். 'நமக்குக் கணிதம் வாராது' என்னும் முடிவுக்கு ஒருவர் வருவதற்கு இத்தகைய இரண்டு மூன்று நிகழ்வுகளே போதும்.

உண்மையில் அவ்விரு விடைகளும் ஒன்றே. மூலக்கோவையைச் சுருக்குதல் என்பது அதன் மதிப்பைக் குறைப்பதன்று. அதன் வடிவை மாற்றி, அதனுள் மறைந்து கிடக்கும் உறவை வெளிக்கொணர்வதேயாகும். இந்த ஒரு கருத்தை மனத்திற் கொண்டால் விதிகள் அனைத்தும் தாமே விளங்கும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூலம் என்னும் சொல்

ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கக் கிடைப்பது அதன் வர்க்கம். 5இன் வர்க்கம் 25. எனவே 25இன் வர்க்கமூலம் 5. வடமொழியில் 'மூலம்' என்பதற்கு வேர் என்பது பொருள். கி.பி. 499இல் எழுந்த ஆரியபட்டீயம் வர்க்கமூலம் காணும் வழியை வகுத்துரைக்கின்றது. அரபு மொழியில் இதனை 'ஜத்ர்' என்றனர். அதற்கும் வேர் என்பதே பொருள். இலத்தீனில் 'ராடிக்ஸ்' என்றனர், அதுவும் வேரே. மூன்று மொழியினரும் வர்க்கத்தை மரமாகவும், அது முளைத்தெழும் அடியை வேராகவும் கண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

வேர் எல்லா எண்ணுக்கும் முழுமையாகப் பிடிபடுவதில்லை. 25க்கு 5 கிடைக்கின்றது. 2க்கோ எந்த முழு எண்ணும் எந்தப் பின்னமும் கிடைப்பதில்லை. இத்தகைய மூலங்களையே விகிதமுறா மூலங்கள் என்கிறோம்; முறுடுகள் என்னும் வழக்கும் உண்டு. அரபுக் கணித நூலார் இவற்றை 'அஸம்ம்' என்றனர். செவிடு என்பது அதன் பொருள். 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்த கிரேமோனா ஜெரார்டு, அப்பொருளையே தரும் 'சுர்துஸ்' என்னும் சொல்லை ஆண்டார். ஆங்கிலத்தில் வழங்கும் 'சர்ட்' என்னும் கலைச்சொல் அதன் வழி வந்ததே. எத்தனை முறை அழைத்தாலும் முழுமையான விடை தாராத எண்ணைச் செவிட்டு எண் என்று அக்காலத்தார் கருதினர் போலும்.

குறியீடும் நாளடைவிலேயே உருவாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் பிறந்த அல்கலஸாதி, 'ஜத்ர்' என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய 'ஜீம்' எழுத்தை எண்ணின் மேலிட்டு மூலத்தைக் குறித்தார். √ என்னும் குறி, 1525இல் வெளிவந்த கிறிஸ்டாஃப் ருடால்ஃபின் ஜெர்மானிய இயற்கணித நூலில் அச்சேறியது. எண்ணின் தலைமீது நீளும் கோட்டை அக்குறியோடு இணைத்தவர் டெகார்ட். அவருடைய வடிவியல் நூல் வெளிவந்த ஆண்டு 1637.

சதுரத்தால் விளங்கும் உண்மை

கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாத் நகரில் விளங்கிய அல்கரஜி என்னும் கணித மேதை, √8, √18 ஆகியவற்றின் கூடுதல் √50 என்று காட்டியுள்ளார். முதற்பார்வைக்கு இது வியப்பளிக்கும். 8உம் 18உம் சேர்ந்தால் 26 அன்றோ? 50 எங்கிருந்து வந்தது?

இதனை விதியால் விளக்குமுன் படத்தால் விளக்குவோம். பரப்பு 2 சதுர அடியுள்ள சிறிய சதுரப் பலகைகள் பல நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பலகையின் பக்கம் √2 அடி. வரிசைக்கு இரண்டாக இரு வரிசை அடுக்கினால் நான்கு பலகைகள் கொண்ட பெரிய சதுரம் அமையும். அதன் பரப்பு 8. ஆகவே பக்கம் √8. ஆனால் அப்பக்கத்தில் இரு பலகைகள் அடுத்தடுத்து நிற்பதைக் கண்ணாலேயே காண்கிறோம். எனவே √8 என்பது 2√2. இவ்வாறே வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை அடுக்கினால் பரப்பு 18. பக்கம் √18, அதாவது 3√2.

இனி இவ்விரு சதுரங்களின் பக்கங்களையும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வைப்போம். இரு பலகையும் மூன்று பலகையும் சேர்ந்து ஐந்து பலகை நீளம் ஆகின்றது. ஐந்து பலகை நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்துக்கு 25 பலகைகள் வேண்டும். அதன் பரப்பு 50. ஆகவே அக்கூடுதல் √50 ஆயிற்று.

√8 என்றும் √18 என்றும் எழுதியிருந்தவரை அவை ஒன்றுக்கொன்று அயலாகவே தோன்றின. 2√2, 3√2 என்று எழுதியவுடன் இரண்டும் ஒரே பலகையால் ஆனவை என்பது வெளிப்பட்டுவிட்டது. இரண்டு படி அரிசியும் மூன்று படி அரிசியும் ஐந்து படி அரிசியாவதைப் போலவே இங்கும் கூட்டுகிறோம். சுருக்குதலின் பயன் இதுவே.

எவை சேரும், எவை சேரா?

எல்லா மூலங்களும் இவ்வாறு சேர்ந்துவிடுமா எனின், சேரா. 1150ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய பீஜகணிதம், மாணவர்க்கு மூன்று இணைகளைக் கொடுத்து அவற்றின் கூடுதலையும் வேறுபாட்டையும் கேட்கின்றது. முதல் இணை √2, √8. இரண்டாவது √3, √27. மூன்றாவது √3, √7. முதலிரண்டும் எளிதில் சேர்கின்றன. √2 + 2√2 = 3√2 = √18. √3 + 3√3 = 4√3 = √48. மூன்றாவது இணை சேர மறுக்கின்றது. முன்னிரண்டையும் கற்ற மாணவர், எல்லாம் சேரும் என்று மயங்காதிருக்கவே மூன்றாவதும் அங்கு நிற்கின்றது எனலாம்.

சேருமா சேராதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மூலக்குறிக்குள் உள்ள இரு எண்களையும் பெருக்குக. பெருக்கற்பலன் முழு வர்க்கமாயின் அவை சேரும், அன்றாயின் சேரா. 2 × 8 = 16; இது 4இன் வர்க்கம். 3 × 27 = 81; இது 9இன் வர்க்கம். 3 × 7 = 21; இது எம்முழு எண்ணின் வர்க்கமும் அன்று. இதன் காரணத்தைக் கூடுதலின் வர்க்கம் காட்டும்.

(√அ + √இ)² = அ + இ + 2√(அ × இ)

வலப்புறத்தில் எஞ்சும் மூலத்தினுள் இருப்பது அவ்விரு எண்களின் பெருக்கற்பலனே. அது முழு வர்க்கமாயின் மூலக்குறி நீங்கி, கூடுதல் ஒரே மூலத்தில் அடங்கும்.

மாணவர் பலரும் இடறும் இடம் ஒன்றையும் இவ்விதி காட்டிவிடுகின்றது. √(அ + இ) என்பதை √அ + √இ என்று பிரித்தெழுதுவோர் பலர். 9ஐயும் 16ஐயும் எடுத்துக்கொள்வோம். 9 + 16 = 25; அதன் மூலம் 5. தனித்தனியே மூலம் எடுத்துக் கூட்டினால் 3 + 4 = 7. இரண்டும் ஒன்றல்ல. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் 3, 4 எனின் கர்ணம் 5 என்பது யாவரும் அறிந்ததே. பக்கங்களின் வழியே சுற்றிச் செல்வோர் 7 அடி நடக்கின்றனர். குறுக்கே செல்வோர் 5 அடியே நடக்கின்றனர். மூலக்குறி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் வழிவிடும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வழிவிடாது.

சுருக்கும் முறை

சுருக்குதலுக்கு அடிப்படையாகிய விதி ஒன்றே.

√(அ × இ) = √அ × √இ

அ, இ ஆகிய இரண்டும் குறை எண்களாக இல்லாதபோது இது மெய். வலப்புறத்தை வர்க்கப்படுத்தினால் அ × இ கிடைப்பதே இதற்குச் சான்று. குறை எண்களுக்கு இதனைக் கண்மூடிப் பொருத்தினால், √(−4), √(−9) ஆகியவற்றின் பெருக்கற்பலன் 6 என்னும் பிழையில் விழுவோம். சிக்கலெண்களின் விதிப்படி அது −6 ஆகும்.

மூலக்குறிக்குள் உள்ள எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது முதற்படி. 1,008ஐ எடுத்துக்கொள்வோம். அது 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 7 என்று பிரிகின்றது. வர்க்கமூலத்தில் ஒத்த காரணிகள் இரண்டிரண்டாகச் சேரும். ஒவ்வோர் இணையும் வெளியே வரும்போது ஓரெண்ணாக வரும். இங்கு 2 இருமுறையும் 3 ஒருமுறையும் வெளிவர, துணையற்ற 7 உள்ளேயே நின்றுவிடுகின்றது. ஆகவே √1,008 = 12√7. சிலர் 4 என்னும் காரணியை மட்டும் கண்டு 2√252 என்று எழுதி நிறுத்திவிடுவர். அது தவறன்று, ஆனால் முடிவுமன்று. 252க்குள் 36 இன்னும் ஒளிந்திருக்கின்றது. முழு வர்க்கக் காரணி ஒன்றேனும் எஞ்சும்வரை பணி முடியவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கனமூலமாயின் இணைக்கு மாறாக மும்மூன்றாகத் தேடுகிறோம். 54 = 3 × 3 × 3 × 2; எனவே ∛54 = 3∛2. 16 = 2 × 2 × 2 × 2; எனவே ∛16 = 2∛2. அல்கரஜி காட்டிய மற்றொரு கணக்காகிய ∛54 − ∛2 = ∛16 என்பது இப்போது தானே விளங்கும். மூன்றிலிருந்து ஒன்று போனால் இரண்டு என்பதே அதன் உட்பொருள்.

எண்களுக்கு உரிய நெறியே எழுத்துகளுக்கும் உரியது. √(50அ³) + அ√(8அ) என்னும் கோவையில் அ குறை எண் அன்று எனக் கொள்வோம். முதல் உறுப்பு 5அ√(2அ), இரண்டாவது 2அ√(2அ). கூடுதல் 7அ√(2அ). அ என்பது எவ்வெண்ணாகவும் இருக்கலாம் எனின் எச்சரிக்கை தேவை. √(அ²) என்பதை அ என்று எழுதிவிடுதல் கூடாது. அ = −5 எனின் அ² = 25; அதன் வர்க்கமூலம் 5; −5 அன்று. எனவே √(அ²) என்பது அ-வின் மட்டு மதிப்பாகும்.

பகுதியில் மூலம் நிற்கலாகாதா?

பின்னத்தின் பகுதியில் மூலம் இருந்தால் அதனை நீக்குக என்னும் விதியே மாணவரை மிகுதியாக வருத்துவது. 1/√2 என்பதன் தொகுதியையும் பகுதியையும் √2ஆல் பெருக்கினால் √2/2 கிடைக்கின்றது. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கியதால் மதிப்பு மாறவில்லை. பின் ஏன் இந்த உழைப்பு?

கணிப்பான் இல்லாத காலத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் புலப்படும். √2இன் மதிப்பு ஏறத்தாழ 1.41421. ஒன்றை 1.41421ஆல் தாளில் வகுத்துப் பார்ப்பவர் அதன் துன்பத்தை அறிவர். 1.41421ஐ இரண்டால் வகுத்தலோ நொடிப்பொழுதில் முடியும்: 0.70710. கைக்கணக்குக் காலத்தில் தோன்றிய அவ்வசதி இன்று அத்துணைத் தேவையன்று. ஆயினும் இரு விடைகள் ஒன்றா வேறா என்று அறிவதற்கு, இரண்டையும் ஒரே வடிவில் நிறுத்துதல் இன்றும் தேவையாகின்றது. 1/√2 என்று எழுதிய மாணவி பிழை செய்யவில்லை; பொதுவடிவுக்கு இன்னும் ஒருபடி எஞ்சியிருந்தது, அவ்வளவே.

பகுதியில் இரு உறுப்புகள் இருப்பின் இணைக் கோவை துணைபுரியும். 4/(√7 − √3) என்பதனை நோக்குவோம். மேலும் கீழும் (√7 + √3)ஆல் பெருக்க, பகுதி 7 − 3 = 4 ஆகின்றது. மேலே நின்ற 4உம் கீழே வந்த 4உம் நீங்க, எஞ்சுவது √7 + √3. கழித்தலும் வகுத்தலுமாகத் தோன்றிய கோவை ஒரு கூட்டலே என்பதைச் சுருக்கிய பின்னரே அறிகிறோம்.

இவ்விதி நம் கையிலுள்ள தாளிலும் தொழிற்படுகின்றது. ஏ4 தாளின் அளவு 210 மி.மீ. × 297 மி.மீ.; நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.414, அதாவது √2. 1922இல் ஜெர்மனி தரப்படுத்திய இவ்வளவு முறை 1975இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அகலம் 1, நீளம் √2 உடைய தாளை நீளவாக்கின் நடுவே குறுக்காக வெட்டினால், ஒவ்வொரு பாதியின் பக்கங்களும் 1, √2/2 ஆகும். பெரியதைச் சிறியதால் வகுக்க 2/√2 வருகின்றது. இவ்வடிவில் நிறுத்தினால் ஒன்றும் தோன்றாது. சுருக்கிப் பார்த்தால் அது √2! பாதித்தாளும் முழுத்தாளின் வடிவையே பெற்றிருக்கின்றது என்னும் உண்மை அப்போதே வெளிப்படுகின்றது. நகலெடுக்கும் பொறியில் ஏ3 தாளை ஏ4 தாளாக்க 71 விழுக்காடு என்றும், ஏ4 தாளை ஏ3 தாளாக்க 141 விழுக்காடு என்றும் காணும் எண்கள் முறையே √2/2, √2 என்பனவே. ஓரத்து எழுத்து ஒன்றும் வெட்டுப்படாமல் பக்கம் முழுவதும் சுருங்கி அமைவது இவ்வுறவினாலேயாம்.

கணிப்பான் இருக்க இது எதற்கு?

பொத்தானை அழுத்தினால் தசமம் வருகின்றது. மூலக்குறியோடு போராடுவானேன் என்று வினவலாம். இதற்கு இரு விடைகள் உண்டு.

முதலாவது, தசமம் என்பது மூலத்தின் அண்மை மதிப்பே. 5√2ஐ வர்க்கப்படுத்தினால் 25 × 2 = 50 என்று பிசகின்றி வருகின்றது. அதனையே 7.07 என்று எழுதி வர்க்கப்படுத்தினால் 49.9849 வருகின்றது. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் √2க்குத் தரும் மதிப்பைப் பின்னமாக எழுதினால் 577/408. 577இன் வர்க்கம் 3,32,929. 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 3,32,928. ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு! வேள்விக் களம் அளப்பதற்கு அது போதுமானதே. ஆயினும் அவ்வொன்று எக்காலத்தும் நீங்காது. ஏனெனில் √2க்கு நிகரான பின்னம் இல்லை. மூலக்குறியை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிடுவோர் இறுதிவரை உண்மையைக் கைவிடுவதில்லை.

இரண்டாவது, கணிப்பானும் ஏமாறும் இடங்கள் உண்டு. √6,40,00,001 − 8,000 என்பதை எட்டு இலக்கம் மட்டும் கொள்ளும் கணிப்பானில் இடுவோம். அம்மூலத்தின் மதிப்பு ஏறத்தாழ 8000.0000625. எட்டு இலக்கத்துக்குமேல் உள்ளதை வெட்டிவிடும் கணிப்பான் 8000.0000 என்று கொள்ளும்; கழித்தால் சுழியம்! முழுமையாக்கும் கணிப்பான் 8000.0001 என்று கொள்ளும்; கழித்தால் 0.0001. இரண்டும் பிழை. இணைக் கோவையால் மேலும் கீழும் பெருக்கினால் அதே கோவை 1/(√6,40,00,001 + 8,000) என்று மாறும். இப்போது அதே கணிப்பான் ஒன்றை 16,000ஆல் வகுத்து 0.0000625 என்னும் சரியான விடையைத் தருகின்றது. பொறி மாறவில்லை, எண்ணும் மாறவில்லை, வடிவு மட்டுமே மாறியது. இங்கே மூலத்தைப் பகுதியிலிருந்து நீக்காமல், பகுதிக்கே அனுப்பினோம் என்பதையும் கவனித்தல் வேண்டும். எவ்வடிவு பணிக்கு உதவுமோ அவ்வடிவே எளிய வடிவு. கணினிக்கு நிரல் எழுதுவோர் இந்நுட்பத்தை இன்றும் கையாளுகின்றனர்.

நிறைவாக

ஒரு மூலக்கோவை சுருங்கிய வடிவில் உள்ளதா என அறிய நான்கு வினாக்கள் போதும். மூலக்குறிக்குள் முழு வர்க்கக் காரணி எஞ்சியுள்ளதா? மூலக்குறிக்குள் பின்னம் உள்ளதா? பகுதியில் மூலம் உள்ளதா? 9இன் நான்காம் மூலத்தை √3 என்று எழுதுவதுபோல மூலத்தின் வரிசையைக் குறைக்க இயலுமா? நான்கிற்கும் 'இல்லை' என்பதே விடையாயின், ஒத்த மூலங்களைக் கூட்டியோ கழித்தோ முடிக்கலாம்.

ஆனால் இந்நான்கையும் மனப்பாடம் செய்வதனால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. √8உம் √18உம் ஒரே பலகையால் ஆனவை என்பதை ஒருமுறை தாளில் வரைந்து கண்டவர்க்கு, விதி மறந்தாலும் வழி மறக்காது. ஆகவே தம்பி தங்கையர்க்குக் கணிதம் கற்பிக்கும் வாய்ப்புப் பெற்றோர் விதியை முன்னும் காரணத்தைப் பின்னும் வைக்காமல், சதுரம் ஒன்றை வரைந்து தொடங்குவார்களாக. விடைப்பகுதியில் வேறு வடிவைக் கண்டு தன் விடையை அடிக்கப்போகும் மாணவியிடம், "அடிக்காதே, இரண்டும் ஒன்றா என்று முதலில் பார்" என்று சொல்ல ஒருவர் இருந்தால், கணிதத்தை இழக்க இருந்த ஓர் உள்ளம் மீட்கப்படும். அம்மாணவிக்கு வேண்டுவது புதிய விடையன்று. தான் கண்ட விடையை அடையாளம் காணும் கண்ணே.